மூன்று வார அக்கா

மதிப்பிற்குரிய அம்மா,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகளுக்கு 23 வயது. கல்லூரி முடித்தும் நிலையான வேலைக்குப் போகவில்லை. கோடையில் மேய்ன் மாநிலத்தில் பிள்ளைகளுக்கான ஓர் ஏரிக்கரை முகாமில், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர் வேலை. இது நான்காவது வருடம். ஆகஸ்டில் முகாம் முடிந்தால் ஊர்சுற்றக் கிளம்பிவிடுகிறாள். போன வருடம் அப்பலாச்சியன் மலைப்பாதையைச் செப்பனிடும் தொண்டர்களோடு சில வாரம் இருந்தாள். பிறகு காட்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் சேவை. அந்தப் படங்களைப் பார்த்து உறவினர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. திரும்பும் வழியில் சென்னையில் பாட்டி வீட்டில் தங்கி, ராத்திரியில் கடற்கரையில் ஆமை முட்டை தேடி நடந்திருக்கிறாள். சேவை நல்லதுதான். ஆனால் வருடா வருடம் அதே முகாமுக்குப் போய்ப் பிள்ளை மேய்ப்பதில் என்ன வளர்ச்சி? மேல்படிப்பு தள்ளிப்போகிறது. பெண்பிள்ளை தனியாகச் சுற்றுவதும் பயமாக இருக்கிறது. அவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

எஸ்., நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

மேல்படிப்பு எங்கும் ஓடிப்போகாது. அடுத்தவர் பிள்ளைகளை ஏரியில் இறக்கி, ஒன்று விடாமல் கரையேற்றுகிற பெண்ணுக்குத் தன்னையும் பார்த்துக்கொள்ளத் தெரியும். இந்த இரண்டையும் விடுங்கள்.

என்னை உறுத்தியது வேறு. காட்மாண்டு படங்களுக்குப் பெருமை, முகாமுக்கு ‘பிள்ளை மேய்ப்பது’ என்ற பெயர். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். சென்ற மாதம் தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவன், விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள ஏதாவது அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் இடம் வாங்கித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டான். அன்றிலிருந்தே இதை எழுத நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் முகாமைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா நீங்கள், ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை முதன்முதலாக வீட்டை விட்டு வந்து, தெரியாத கேபினில், இருட்டில் படுத்திருக்கும். பல முகாம்களில் போன் கிடையாது, கடிதம்தான். அந்த முதல் ராத்திரி அழுகையைக் கேலி செய்யாமலும், பெரிதாக்காமலும், அம்மாவுக்கு மாற்றாகத் தன்னை நிறுத்திக்கொள்ளாமலும் தாண்டவைக்க வேண்டும். நீச்சல் நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. விசில் ஊதியதும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துத் தூக்க வேண்டும். கரையிலிருக்கிற பலகையில் தொங்கும் பெயர் வில்லைகளோடு தலை எண்ணிக்கை ஒத்துவந்தால்தான் ஆட்டம் தொடரும். ஒரு தலை குறைந்தால் மொத்த ஏரியும் காலியாக வேண்டும். நான்காவது வருடமாக ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அவளை நம்புகிறார்கள் என்று அர்த்தம். போன வருடம் அழுத பிள்ளை இந்த வருடம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தேடுகிற முகம் அவளுடையது. இதைவிட என்ன வளர்ச்சி வேண்டும் உங்களுக்கு?

அந்தப் பிள்ளைகள் ஆகஸ்டில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காட்மாண்டுப் பிள்ளைகள்? உங்கள் மகள் கிளம்பிய மறுவாரம் இன்னொரு அக்கா வந்திருப்பாள். அவளுக்குப் பிறகு ஓர் அண்ணன். ஒவ்வொருவரும் கட்டிப்பிடித்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, அழுதுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள். புதிதாக வருகிறவர் மடியில் உடனே ஏறிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து நாம் நெகிழ்கிறோம். அது யாரிடமும் நிலைத்து ஒட்டப் பழகாத குழந்தையாகவும் இருக்கலாம். நிலையான ஒருவரின் பராமரிப்பு இல்லாமல் போனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1951இலேயே அறிக்கை எழுதிவிட்டார். இன்னமும் மூன்று வார அக்காக்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. நேபாளத்தில் இந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கும் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். ஹும்லா மாதிரி எட்டாத மலை மாவட்டங்களிலிருந்து, நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொல்லித் தரகர்கள் அழைத்துவந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. பிள்ளையை அனுப்பப் பெற்றவர்கள் கடன் வாங்கித் தரகருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இல்லங்கள் அதிகமாக இருப்பதும் ஹும்லாவில் அல்ல, வெளிநாட்டினர் வந்திறங்கும் காட்மாண்டு, பொக்கரா பக்கம்தான். தொண்டர் கட்டும் பணமும், ஊருக்குப் போய்த் திரட்டி அனுப்பும் பணமும் வந்துகொண்டிருக்கும்வரை சில இடங்களில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்த இல்லத் தொண்டுச் சுற்றுலாவின் கேட்டைக் குறிப்பிட்டது. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு, யாரென்று தீர விசாரிக்காமல், குழந்தைகளின் படுக்கையறை வரை ஒருவரை விடும் இல்லம் நல்ல இல்லமாக இருக்க முடியாது. நியூ ஜெர்சியில் உங்கள் மகள் எட்டு வயதாக இருந்தபோது அப்படி விட்டிருப்பீர்களா?

இதற்காக அவளைத் திட்டாதீர்கள், நல்ல மனசோடு போன பெண். அந்தப் படங்களை உறவினர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நான் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம். கண்மாய்க் கரையில் வேம்பும் புங்கையும் நட்டோம், கடைசி நாள் பேச்சு, கைதட்டல், பஸ் ஏறிவிட்டோம். எங்களுக்கு மூத்த அக்கா ஒருத்தி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பிப் போனாள். பாதிக் கன்றை ஆடு தின்றிருந்தது. கருவேல முள்ளை வெட்டி, ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஊன்றி, வாழைநாரால் கட்டினாள். முள் கிழித்த கையோடு திங்கட்கிழமை வகுப்புக்கு வருவாள். முதலில் ஊரில் யாரும் அவளிடம் பேசவில்லையாம். கோடை வந்தபோது ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்துவைத்திருந்த முதியோர் உதவித்தொகை மனுவை எடுத்து, “இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு தாயி” என்று நீட்டியிருக்கிறாள். எங்கள் ஏழு நாளில் அந்த மனு எங்கள் கண்ணில் படவேயில்லை. திரும்பி வருகிறவளிடம்தான் ஊர் தன் நிஜமான வேலையைக் கொடுக்கும்.

அப்பலாச்சியன் பாதையும் அப்படித்தான். ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1937இல் முழுமையான அந்தப் பாதை இன்றும் நடக்கிற மாதிரி இருக்கிறதென்றால், ஒவ்வொரு துண்டையும் ஒரு தொண்டர் குழு ஏற்றுக்கொண்டு வருடா வருடம் போவதால்தான். மழைநீர் பாதையை அரிக்காமல் ஓரமாக வழிய, குறுக்கே கல் பதித்திருப்பார்கள். அதன் பின்னால் சேரும் இலையையும் மண்ணையும் யாராவது வந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவள்தான் உங்கள் மகள். அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள்.

சென்னைக்கு வருகிறேன் என்றால் வரவிடுங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. முகாம் இல்லாத காலம்தானே? நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் 1988இலிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். வேடிக்கை பார்க்க வார இறுதியில் எவ்வளவோ பேர் வருகிறார்கள். வேலைநாள் ராத்திரிகளில், நாய் தோண்டுவதற்கு முன் முட்டைக் குழியைக் கண்டுபிடிக்கத்தான் கால்கள் தேவை. அடுத்த தடவை டிக்கெட் போடும்போது காட்மாண்டுவை எடுத்துவிட்டு, குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போகும்வரை பாட்டி வீட்டில் இருக்கிற மாதிரி போடச் சொல்லுங்கள். பாட்டிக்கும் நல்லது.