ஜாம்பீஸ் குழுவில் ராட் அர்ஜென்ட் மட்டும்தான் நல்ல பாடலாசிரியரா?

அறுபதுகளின் இந்த ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேசினாலே அர்ஜென்ட் பெயர்தான் முதலில் வரும். 1969-ல் அமெரிக்காவில் பெரிய ஹிட்டான 'டைம் ஆஃப் தி சீசன்' அவர் எழுதியது. சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாட்டு இருக்கும் 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரக்கிள்' (1968) ஆல்பத்தின் 12 பாடல்களில் 7 பாடல்களை எழுதியவர் பேஸ் கிதார் வாசித்த கிறிஸ் வைட். அது பலருக்கும் தெரியாது என்பதே எனக்கு வருத்தம்.

'புட்சர்ஸ் டேல்' கேட்டுப் பாருங்கள். முதல் உலகப் போரில் மாட்டிக்கொண்ட ஒரு கசாப்புக்காரர் பேசுகிறார். குழுவின் பாடகர் காலின் பிளன்ஸ்டோன் குரல் பட்டு மாதிரி இருக்கும். இதை அவர் பாடவில்லை. வைட்டே பாடுகிறார். துருத்தி ஆர்கன் மூச்சுவாங்குவது போல் பின்னால் ஒலிக்க, அந்தப் பழகாத குரல் நடுங்கும்போது, பயந்துபோன ஒரு ஆள் எதிரில் நிற்பது போலவே இருக்கும். பயிற்சி பெற்ற குரலில் இது வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் 'திஸ் வில் பி அவர் இயர்'. இரண்டே நிமிடப் பாட்டு. கஷ்டங்களைக் கடந்து வந்த காதலை இவ்வளவு எளிய சொற்களில் சொன்ன பாட்டு அந்தப் பத்தாண்டில் எனக்கு வேறு தெரியாது. முதலில் இதிலிருந்து தொடங்குங்கள்.