கொரோனா நிமோனியா: நுரையீரலும் மரபணுவும் – கேள்வி பதில்

பல்லடம்: ஏனுங்க டாக்டர், அப்பாவோட சி.டி. ஸ்கேன் ஸ்கோர் 25-க்கு 14. நுரையீரல் பாதிக்கு மேல போயிடுச்சுங்களா?

போகலீங்க. நுரையீரலில் ஐந்து மடல். பாதிப்பின் பரப்பைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை போட்டுக் கூட்டியதுதான் அந்த 14. ஸ்கேனில் மங்கலாக வெளுத்துத் தெரிவது பெரும்பாலும் வீங்கி நீர் கோத்த இடம். பலருக்கு வாரக்கணக்கில் தெளிந்துவிடும். ஸ்கோரைவிட, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவைப் பாருங்க. மருதாணி, நகப்பாலிஷ் இல்லாத விரல், கை சில்லிட்டிருக்கக் கூடாது, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம். உட்கார்ந்திருக்கையிலேயே 94-க்குக் கீழ் போனால் உடனே ஆஸ்பத்திரி.

காங்கேயம்: உள்ளே என்னதான் நடக்குதுங்க?

காற்றுப்பையில் இரண்டாம் வகை செல் என்று ஒன்று உண்டு. பை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் சுரப்பது அதுதான். ஆக்சிஜனை ரத்தத்துக்குக் கடத்த இடம் தரும் முதல் வகை செல் அழிந்தால் புதிதாக உருவாக்குவதும் அதுவே. வைரஸ், செல்லின் மேல் கதவு போல இருக்கும் ஏ.சி.இ.2 ஏற்பி வழியாக நுழைவது இந்தச் செல்லுக்குள். ஆக, அடிபடுவதும் பழுது பார்ப்பதும் ஒரே ஆள். பை சுருங்குகிறது, ரத்தநாளம் கசிகிறது, கசிந்த புரதம் சவ்வாகப் படிந்து ஆக்சிஜனை மறிக்கிறது. நுண்ணிய ரத்தக்கட்டிகள் வேறு.

கோபி: ஒரே வீட்டில் ஒருத்தர் சளியோடு தப்பிக்கிறார், இன்னொருத்தர் வென்டிலேட்டரில். மரபணுவா?

ஓரளவு. மூன்றாம் குரோமோசோமில் ஒரு பகுதி ஆபத்தைக் கூட்டுகிறது. அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று 2020-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் அதன் ஒரு பிரதியாவது (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும்) இருக்கிறது. அங்கே எல்.இசட்.டி.எஃப்.எல்.1 மரபணு கூடுதலாக வேலை செய்வதுதான் காரணமாக இருக்கலாம் என்றது 2021 ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு. ஆனாலும் வயதுதான் பெரிய ஆபத்து. சர்க்கரை, உடல் பருமனும் சேர்ந்தால் இன்னும் மோசம். இதற்காகக் காசு கொடுத்து மரபணு டெஸ்ட் எடுக்காதீங்க, சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை.

தாராபுரம்: மாமன் மகளைக் கட்டினதால குழந்தைகளுக்கு ஆபத்துங்களா?

பரவலான அந்த மூன்றாம் குரோமோசோம் விஷயத்துக்கு உறவுமுறை பெரிய கணக்கில்லை. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் வேலை செய்யாத அரிய மரபணுக் குறைபாடுகள் சில, இரு பிரதியும் பழுதானால்தான் வெளிப்படும். சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கே குழந்தை அடிக்கடி ஐ.சி.யூ. போனால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்க.

சோமனூர்: டெக்சாமெத்தசோன் வாங்கி வச்சிருக்கேன், முதல் நாளே போடலாமுங்களா?

வேண்டவே வேண்டாம். அது ஸ்டீராய்டு, உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து. 6 மில்லிகிராம், தினமும் ஒருமுறை, 10 நாள் வரை என்பது ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு. தேவைப்படாதவருக்குப் பலனில்லை. முதல் வாரம் வைரஸ் பெருகும் நேரம். அப்போது எதிர்ப்பை அடக்கினால் அதற்குத்தான் லாபம். சர்க்கரையும் எகிறும். 2021-ல் கறுப்புப் பூஞ்சை பரவியதில் இந்த ஸ்டீராய்டு தாராளத்துக்குப் பெரிய பங்குண்டு.

அவினாசி: குணமாகி மூன்று மாசம் ஆச்சு, மில்லுல பஞ்சு பிரிச்சுச் சுத்தம் பண்ற புளோரூமுக்குப் போலாமுங்களா?

நடந்தால் இளைக்கிறதென்றால் இப்போது போகாதீங்க. ஆறு நிமிட நடைச் சோதனையும் வாயுப் பரிமாற்ற அளவும் எடுங்க. குறைவாக வந்தால் சி.டி. ஸ்கேன் எடுங்க. தழும்பு விழுந்த நுரையீரலில் பஞ்சுத் தூசியும் சேரக் கூடாது. பஞ்சு குறைவாகப் பறக்கும் செக்‌ஷனுக்கு மாற்றிக் கேளுங்க, டாக்டர் சீட்டோடு.