வாசகர் கேள்வி – பதில்: மருத்துவத்துக்கு விலை வைப்பது யார்?

கேள்வி: மருத்துவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவிடும் நாடு அமெரிக்கா என்கிறார்கள். அங்கேதான் காப்பீடு இல்லாதவர்களும் கோடிக்கணக்கில் இருப்பதாகப் படித்தேன். அவ்வளவு பணமும் எங்கே போகிறது? அமெரிக்கர்கள் தொட்டதற்கெல்லாம் மருத்துவரிடம் ஓடுகிறார்களா?

பதில்: நீங்கள் படித்தவை இரண்டும் உண்மை. 2023-இல் அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் இது 11, 12 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதே ஆண்டில் சுமார் 2 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்களிடம் எந்தக் காப்பீடும் இல்லை. உங்கள் ஊகம்தான் பொருந்தவில்லை. வளர்ந்த நாடுகளின் கணக்குகளை அருகருகே வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கர்கள் மருத்துவரைப் பார்க்கும் தடவைகளும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் மற்ற நாடுகளின் நடுத்தர அளவைவிடக் குறைவு என்று காட்டியது. அவர்கள் அதிகமாகச் சிகிச்சை பெறவில்லை. பெறும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அதிக விலை கொடுக்கிறார்கள்.

அந்த விலை எப்படி உருவாகிறது என்பதை அறிய, அங்கே சிகிச்சைக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் கணக்குத் தாளைப் பார்த்தால் போதும். அதில் மருத்துவமனை கேட்ட தொகை ஒன்று இருக்கும். நிறுவனம் பேரம் பேசி ஒப்புக்கொண்ட தொகை அதைவிடப் பலமடங்கு குறைவாக இன்னொரு கட்டத்தில் இருக்கும். நிறுவனம் செலுத்தியது எவ்வளவு, நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்பவை அதற்கடுத்து வரும். பேரம் பேசிய விலைகளை வெளியிட வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒரே மருத்துவமனை ஒரே ஸ்கேனுக்கு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திடமும் வெவ்வேறு தொகை வாங்குவது ஊரறிந்த செய்தியாயிற்று. காப்பீடு இல்லாதவரிடம்தான் பெரும்பாலும் பேரம் பேசாத அந்த முதல் தொகையைக் கேட்கிறார்கள். வாங்கும் சக்தி மிகக் குறைந்தவரின் தலையில் மிக உயர்ந்த விலை விழுவதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஏற்க மறுக்கிறது.

இதே தாள் ஜப்பானில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அங்கே ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு தையலுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே புள்ளிக் கணக்கு உண்டு. ஒரு புள்ளிக்குப் பத்து யென். மருத்துவமனை அரசுடையதா தனியாருடையதா, தலைநகரில் இருக்கிறதா மலையோரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் புள்ளியை மாற்றுவதில்லை. ரசீதில் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கூட்டிப் பத்தால் பெருக்கினால் கட்டணம் வந்துவிடும். அதில் 30 சதவீதத்தை எழுபது வயதுக்குட்பட்ட பெரியவர்கள் தாங்களே கட்ட வேண்டும். அந்தப் பங்குக்கும் வருமானத்துக்கு ஏற்ற மாத உச்சவரம்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைத் திருத்துகிறார்கள். எந்தச் சிகிச்சைக்கான செலவு அளவு மீறி வளர்கிறதோ அதன் புள்ளியைக் குறைப்பதும் உண்டு, 2002-இல் எம்.ஆர்.ஐ. கட்டணத்தை அப்படித்தான் வெட்டினார்கள். அதனால் கருவிகள் மறைந்துவிடவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் எம்.ஆர்.ஐ. கருவிகள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் இன்றும் ஜப்பான் ஒன்று. இத்தனைக்கும் அங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் தனியாருடையவை. ஆகவே, மருத்துவமனை யாருடையது என்ற கேள்வியைவிட விலையை யார் வைக்கிறார்கள் என்ற கேள்விதான் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்வதுதான் வருத்தம்.

கேள்வி: எனக்கு வயது முப்பது; எந்த நோயும் இல்லை. சில நாடுகளில் என்னைப் போன்றவர்களும் கட்டாயமாகக் காப்பீடு எடுக்க வேண்டுமாம். நோய் வந்த பிறகு எடுத்துக்கொண்டால் என்ன?

பதில்: நீங்கள் ஒருவர் மட்டும் அப்படிச் செய்தால் எதுவும் ஆகாது. எல்லோரும் அப்படிச் செய்தால் காப்பீடு என்ற ஏற்பாடே நிற்காது. இது வெறும் ஊகமன்று. 1993 முதல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நோயாளியையும் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடாது, நோயைக் காரணம் காட்டிப் பிரீமியத்தை உயர்த்தவும் கூடாது என்று சட்டம் செய்தார்கள். ஆனால் எல்லோரும் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. நலமாக இருந்தவர்கள் காத்திருந்தார்கள், நோயுற்றவர்கள் சேர்ந்தார்கள். பிரீமியம் ஏறியது, ஏறியதும் நலமானவர்களில் இன்னும் சிலர் விலகினார்கள், அதனால் மீண்டும் ஏறியது. தனிநபர்கள் தாங்களாக வாங்கும் காப்பீடு அங்கே ஏறக்குறைய அழிந்தே போயிற்று. நல்ல நோக்கத்தோடு பாதி மட்டும் செய்யப்பட்ட சீர்திருத்தம் அது.

சுவிட்சர்லாந்து 1996-இல் மறு பாதியையும் சேர்த்தே செய்தது. அங்கே அடிப்படைக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். எந்த நிறுவனமும் யாரையும் மறுக்க முடியாது. அந்த அடிப்படைக் காப்பீட்டில் இலாபம் பார்க்கவும் அனுமதியில்லை. வருமானம் குறைந்தவர்களின் பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. 2006-இல் நெதர்லாந்து வேறொரு நுட்பத்தோடு அதே வழியில் வந்தது. நோயாளிகளை அதிகம் சேர்த்துக்கொண்ட நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து அதிகப் பங்கு செல்லும் ஏற்பாடு அது. முதியவரையும் நீரிழிவு உள்ளவரையும் தந்திரமாகத் தவிர்க்க நினைக்கும் நிறுவனத்துக்கு இதனால் ஆதாயம் குறைகிறது. அமெரிக்காவும் 2010 சட்டத்தின் மூலம் கட்டாயத்தைக் கொண்டுவந்தது; 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது; ஆனால் 2017-இல் இயற்றப்பட்ட வரிச் சட்டம், காப்பீடு எடுக்காதவர்கள் கட்ட வேண்டிய அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. அப்படியும் அந்தக் காப்பீட்டுச் சந்தை சரியாமல் நின்றதற்கு, பிரீமியத்துக்கு அரசு தரும் உதவித்தொகைதான் முக்கியக் காரணம். உங்களைப் போன்ற இளைஞர்களைச் சேர்க்க அபராதத்தைவிட, தாங்கக்கூடிய விலை நன்றாக உதவுகிறது என்பதை அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அரசே மருத்துவச் செலவை ஏற்றால் நீண்ட வரிசை தவிர்க்க முடியாதது என்கிறார்களே, உண்மையா?

பதில்: வரிசை உண்மை, காரணம் முழு உண்மையன்று. 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்தில் இயங்கும் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில், இங்கிலாந்து நோயாளிகளில் 92 சதவீதத்தினருக்கு 18 வாரத்துக்குள் திட்டமிட்ட சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016-க்குப் பிறகு பல ஆண்டுகளாக எட்டப்படவே இல்லை. ஆனால் ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு ஏழுக்கும் மேற்பட்ட மருத்துவமனைப் படுக்கைகள் இருக்கையில், பிரிட்டனில் இரண்டரைக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படுக்கையையும் மருத்துவரையும் குறைத்து வைத்தால், பணத்தை யார் கட்டினாலும் மக்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: நோயாளியும் ஒரு பங்கைக் கட்டினால்தான் வீண் செலவு குறையும் என்ற வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் கருத்து?

பதில்: பாதி சரி. 1970-களில் தொடங்கி 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வைத்து இதைச் சோதித்தது. சில குடும்பங்களுக்கு முழு இலவசம். மற்றவர்களுக்கு வெவ்வேறு அளவில் பங்குத்தொகை. பங்குத்தொகை கட்டியவர்கள் மருத்துவரிடம் செல்வதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது உறுதியாயிற்று. ஆனால் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு அதனால் பெரிய தீங்கு தெரியவில்லை. ஏழைகளாகவும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களாகவும் இருந்தவர்களுக்குத்தான் இலவசச் சிகிச்சை தெளிவான நன்மை செய்தது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கிச் செலவை மிச்சப்படுத்துபவருக்கு அன்றைக்கு எதுவும் வலிக்காது. பக்கவாதம் பின்னால் வருகிறது, அதற்கான செலவும் பின்னால் வருகிறது. எது வீண், எது அவசியம் என்று பிரித்தறியும் பொறுப்பை, அதற்கான படிப்பில்லாத நோயாளியின் மேல் போடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஜெர்மனி 2004-இல் இதே வாதத்தை ஏற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரை முதலில் பார்க்கும்போது 10 யூரோ கட்ட வேண்டும் என்று விதித்தது. மருத்துவர்கள் பணம் வசூலிப்பவர்களாக மாறினார்கள் என்ற குறை எழுந்ததோடு, எதிர்பார்த்தபடி வருகையும் குறையவில்லை. 2013-இன் தொடக்கத்தில் அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள்.