மஞ்சள் ரோஜா பூக்கிறது, மணக்கவில்லையே?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வருடமாக ஒரு மஞ்சள் ஹைப்ரிட் டீ ரோஜா (ஒரு தண்டில் ஒரே பெரிய பூ விடும் வகை) வளர்க்கிறேன். நல்ல வாசனை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பூ பெரிதாக வருகிறது. ஆனால் மாலையில் வேலை முடிந்து வந்து முகர்ந்து பார்த்தால் மணமே இல்லை. நிறமும் இரண்டே நாளில் வெளிறிவிடுகிறது. கீழ் இலைகள் கரும்புள்ளி விழுந்து கொட்டுகின்றன. கவாத்து செய்த ஒரு கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்குகிறது. அடியிலிருந்து கிளம்பிய ஒரு கிளை மட்டும் ஆள் உயரம் போய்விட்டது, அதில் பூவே இல்லை. என்ன உரம் போட்டால் மணம் வரும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மணம் தருகிற உரம் எதுவும் இல்லை. மணம் ரகத்தோடு பிறந்தது. இருக்கிற மணத்தை நாம் காப்பாற்றலாம், அல்லது கெடுக்கலாம், அவ்வளவுதான்.

ரகத்தை சந்தேகப்படும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நீங்கள் மாலையில் முகர்கிறீர்கள். அதுதான் தப்பான நேரம். ரோஜாவின் வாசனை இதழ்களின் மேல்தோல் செல்களிலிருந்து ஆவியாக வெளியேறும் எண்ணெய்ப் பொருள்கள்தான். பகல் வெயிலும் வறண்ட காற்றும் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். காலை வெயில் பூவில் பட ஆரம்பித்து, பனி காய்ந்து, காற்று இன்னும் எழாத நேரத்தில் போங்கள். முழுதாக விரிந்த பூவை விட்டுவிட்டு, பாதிக்குமேல் விரிந்து நடுவில் இன்னும் கூம்பாக நிற்கிற பூவாகப் பாருங்கள். உள்ளங்கையால் மூடி, மெதுவாக ஒருமுறை மூச்சை ஊதிவிட்டு அப்புறம் முகருங்கள். அந்த வெதுவெதுப்பில், ஒளிந்திருக்கிற மணம் எழுந்து வரும். நான்கைந்து நாள் வெவ்வேறு பூக்களில் இப்படிப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால், உங்களுக்கு வந்தது மணமுள்ள ரகம் இல்லை என்றே முடிவு செய்யலாம்.

ரகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 'பாப்பா மெய்யான்', 'ரூஜ் மெய்யான்' இரண்டும் சிவப்பு ரோஜாக்கள். முதலாவது மணத்துக்குப் பேர்போனது, இரண்டாவதில் மணம் கிடையாது. பிரான்ஸ் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ரோஜா வாசனையின் முக்கியப் பொருளான ஜெரானியால் உருவாக ஒரு குறிப்பிட்ட நொதி வேண்டும் என்று கண்டார்கள். மணமில்லாத பூவில் அதற்கான மரபணு கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருக்கிறது. தூங்குகிற மரபணுவை நீங்கள் போடும் உரம் எழுப்பாது.

மஞ்சள் ரோஜாவில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் ஹைப்ரிட் டீ என்று பொதுவாகச் சொல்லப்படும் 'லா பிரான்ஸ்' 1867-இல் வந்தது, அது இளஞ்சிவப்பு. அந்த வகையில் அடர் மஞ்சளைக் கொண்டுவர பெர்னே-டூஷே என்ற பிரெஞ்சுக்காரர் பல வருடம் மெனக்கெட்டார். 1900-இல் அவர் வெளியிட்ட 'சொலேய் தோர்' ரோஜாதான் வழி திறந்தது. அதற்கு மஞ்சள் கொடுத்தது பாரசீக மஞ்சள் ரோஜா. அதன் தாவரப் பெயர் ரோசா ஃபீட்டிடா. 'நாற்றமடிக்கும் ரோஜா' என்று பொருள்! அந்தப் பாட்டியிடமிருந்து பேத்திகளுக்கு நிறம் வந்தது. கூடவே கரும்புள்ளி நோய்க்கு எளிதில் மசிகிற குணமும், கத்தரிக்கோலைக் கண்டால் சுணங்குகிற குணமும் வந்தன. நீங்கள் எழுதிய புகார்களில் பாதி இந்தக் குடும்பத்துச் சொத்து.

இருந்தாலும் மணக்கிற மஞ்சள்கள் இல்லாமல் இல்லை. 'சட்டர்ஸ் கோல்ட்' 1950-இல் வந்தது. செம்மை ஓடிய மஞ்சள். மணத்துக்காக அமெரிக்க ரோஜா சங்கத்தின் கேம்பிள் விருதை 1966-இல் வாங்கியது. 'மைடாஸ் டச்' நல்ல அடர் மஞ்சள், ஓரளவு கஸ்தூரி வாடை. ஒரு தண்டில் ஒரே பூ என்ற பிடிவாதம் இல்லை என்றால், கொத்தாகப் பூக்கும் 'ஆர்தர் பெல்' அருமையாக மணக்கும், ஆனால் சீக்கிரம் வெளிறும். எல்லோரும் பெயர் சொல்லிக் கேட்கிற 'பீஸ்' அழகுதான். மணத்துக்காக அதை வாங்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் செடிக்கு வருவோம். முதல் வேலை அந்த ஆள் உயரக் கிளை. அடி மண்ணைக் கையால் ஒதுக்கி, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். தண்டில் முடிச்சு மாதிரி புடைத்த இடம் ஒன்று இருக்கும்; அதுதான் ஒட்டு, உங்கள் ரகத்தை வேறொரு ரோஜாவின் வேரோடு இணைத்த இடம். ஒட்டுக்கு மேலிருந்து வந்தால் அது உங்கள் ரோஜாவின் புதுக் கிளை, செடியின் எதிர்காலமே அதுதான், தொடாதீர்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வந்தால் வேர்ச்செடியின் காட்டுக்கிளை. அதைக் கத்தரிக்காமல், பிறக்கும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடியில் தங்கும் கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும். ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று சொல்வார்கள். அதை நம்பி வெட்டி நல்ல கிளையை இழந்தவர்கள் உண்டு. ஒட்டைப் பார்ப்பது ஒன்றுதான் சரியான வழி.

நுனியிலிருந்து கறுத்து இறங்குவது நுனிக்கருகல். கறுத்த இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலாக வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுத்தண்டு வெள்ளையாகவோ இளம் பச்சையாகவோ இருந்தால் போதும். பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் கீழே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அடுத்த கவாத்தில் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நானும் ஒருமுறை சிவப்பையும் மஞ்சளையும் ஒரே நாளில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினேன். சிவப்பு மூன்றே வாரத்தில் தளிர்த்துக் குடை பிடித்தது. மஞ்சளில் இரண்டு குச்சிகள் கருகி, மூன்றாவதில் ஒரே ஒரு செம்மொட்டு எட்டிப் பார்த்தது. அந்தச் செடி பழைய நிலைக்கு வர ஒரு வருடம் பிடித்தது.

கரும்புள்ளிக்கு மருந்தைவிடத் தண்ணீர் ஊற்றும் விதம் முக்கியம். இந்தப் பூஞ்சாணத்தின் வித்துகள் இலைக்குள் இறங்க, இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் செடியைக் குளிப்பாட்டினால் அதற்குத் தேவையான இரவை நாமே கொடுத்த மாதிரி. காலையில், அடியில் மட்டும், ஆழமாக ஊற்றுங்கள். விழுந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அடி மண்ணில் ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல், சருகு மாதிரி மூடாக்கு போட்டால், தெறிக்கும் மண்ணோடு வித்து ஏறுவதும் குறையும். பூஞ்சாணக்கொல்லி அடிக்கலாம்; அது புது இலையைக் காக்கும், விழுந்த புள்ளியை அழிக்காது. இலை கொட்டிய செடிக்குப் பூவை நன்றாக வளர்க்கத் தெம்பு இருக்காது. மணத்தை நினைத்தால் இலையைக் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிறம் வெளிறுவது பெரும்பாலும் மதிய வெயிலால். மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு நிறமிகள். கடும் வெயிலில் அவை சிதையும். அதற்காக நிழலில் வைத்துவிடாதீர்கள், ரோஜாவுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். காலை வெயில் முழுதும் விழுந்து, இரண்டு மணிக்கு மேல் நிழல் தட்டுகிற இடம் கிடைத்தால் மஞ்சளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இதழ் ஓரம் பழுப்பாகச் சுருங்கியிருந்தால் இலைப்பேன் பூச்சியாகவும் இருக்கலாம். வெளிர் நிறப் பூ என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. ஒரு பூவை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். இழை மாதிரி ஓடும்.

உரம் பற்றிக் கேட்டீர்களே. மண்ணின் கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் சமச்சீர் உரமும் போதும். தழைச்சத்தை வாரிக் கொட்டினால் கொழுத்த தளிர், அசுவினி, சாம்பல் நோய் என்று வரிசையாக வரும். இளம் இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் மண்ணில் காரம் கூடி இரும்புச் சத்து எட்டவில்லை என்று அர்த்தம்.

அடுத்த பூச்சுற்று வரும்போது ஒரு மொட்டைச் செடியில் முகர்வதற்குப் பதில், வெளி இதழ் இரண்டு விரிந்ததும் அதிகாலையில் வெட்டி, தண்ணீரில் வைத்து, காற்றடிக்காத ஒரு சின்ன அறையில் விட்டுவிட்டுப் போங்கள். மாலையில் கதவைத் திறக்கும்போது தெரிந்துவிடும், வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று.