டாங்கிக்குப் பூ கொடுத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக சியோலில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்ததும், என் அலுவலகத்தில் இரண்டு பேர் டாக்ஸி பிடித்து நாடாளுமன்ற வாசலுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தூங்காத கண்களோடு வேலைக்கும் வந்தார்கள். இதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான என் சித்தப்பா, "நம்ம நாட்டுக்கும் நாலு வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தாதான் சரியாகும்" என்று பதில் போட்டார். கொரிய நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கும் ஜனநாயக உணர்வு நமக்கு ஏன் இல்லை?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் சித்தப்பா எங்கள் வீட்டிலும் இருக்கிறார், வேறு பெயரில். ஆனால் இதை உணர்வு இருக்கிறது, இல்லை என்று பார்த்தால் தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கைப் புரிந்துகொள்ளவே முடியாது.

1992 மே மாதம், தேர்தலில் நிற்காமலே பிரதமரான ஜெனரல் சுசிந்தாவை எதிர்த்து அந்த நகரம் தெருவுக்கு வந்தது. கூட்டத்தில் அலுவலகக்காரர்கள் அதிகம். அன்று செல்போன் வசதியானவர்களின் பொருள் என்பதால் 'செல்போன் கும்பல்' என்றே பெயர் விழுந்தது. ராணுவம் சுட்டது, பலர் செத்தார்கள், சுசிந்தா பதவி விலகினார். முன்னால் நின்றவர் நகரத்தின் முன்னாள் ஆளுநர் சம்லோங். 2006 செப்டம்பர் 19 அன்று, தேர்தலில் வென்ற பிரதமர் தாக்சினை ராணுவம் விரட்டியது. அதே நகரத்துக்காரர்கள் வீரர்களுக்குப் பூ கொடுத்தார்கள், டாங்கிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் தாக்சினுக்கு எதிராகக் கூட்டம் சேர்த்த தலைவர்களில் ஒருவர், அதே சம்லோங்.

இடையில் நடந்தது 30 பாட் (தாய்லாந்து நாணயம்) மருத்துவம். 2001இல் ஆட்சிக்கு வந்த தாக்சின், 30 பாட் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று கொண்டுவந்தார். வடகிழக்கில் இருக்கும் ஈசான் பகுதி விவசாயிக்குத் தன் ஓட்டு எதையோ வீட்டுக்குக் கொண்டுவந்தது போலிருந்தது. பாங்காக்கில் அதை 'ஓட்டை விலைக்கு வாங்குவது' என்றார்கள். (நம் ஊர் 'இலவசம்' பேச்சு ஞாபகம் வருகிறதா?) கிராமத்து வாக்காளருக்கு 'எருமை' என்று பட்டம் கட்டினார்கள். 2008இல், தாக்சினை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்கள், நாடாளுமன்றத்தில் 70 சதவீதம் நியமன உறுப்பினர்கள், 30 சதவீதம்தான் தேர்தல் என்று திட்டமே முன்வைத்தார்கள்.

தாக்சின் ஒன்றும் உத்தமர் இல்லை. 2003இல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதற்காக பாங்காக் திரளவில்லை. 2006 ஜனவரியில் அவர் குடும்பம் கம்பெனிப் பங்குகளை சிங்கப்பூருக்கு 7,300 கோடி பாட்டுக்கு விற்று, வரி கட்டாமல் தப்பியபோதுதான் கூட்டம் பெருகியது.

சரி, கொரியா. 1987 ஜூனில் ராணுவ ஆட்சியை எதிர்த்து, மதிய இடைவேளையில் டை கட்டிய ஊழியர்கள் சியோலின் மியோங்டோங் தெருவில் இறங்கினார்கள். 'டை படை' என்று இன்றும் சொல்வார்கள், உங்கள் நண்பர்களைக் கேளுங்கள். அந்த ஜனவரியில்தான் ஒரு மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறந்திருந்தார். நாளை நம் பையனுக்கும் இதுதான் என்ற பயம் அவர்களை இறக்கியது. ஆனால் அதே வருடம் ஜூலை, ஆகஸ்டில் உல்சான் என்ற தொழில் நகரத்தின் தொழிலாளர்கள் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது டை படை வரவில்லை. ஜூனில் வந்ததும் பிறகு வராததும் ஒரே வர்க்கம்தான், ஒரே வருடம்தான்.

ஆகவே என் பார்வையில், இந்த வர்க்கத்துக்கென்று நிரந்தரக் கொள்கை கிடையாது. பயம் மேலே இருப்பவன் மீதா, கீழே இருப்பவன் மீதா என்பதுதான் விஷயம். 1987இன் சியோல் ஊழியர்களில் பலர் கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறை. கிராமத்து வாக்காளர் அவர்களுக்கு அப்பா. பாங்காக்காரருக்கு அதே ஆள் டாக்ஸி ஓட்டுநர், வீட்டு வேலைக்காரப் பெண். அப்பாவை யாரும் எருமை என்று சொல்வதில்லை.

அப்புறம் ஒன்று. 2023 தேர்தலில் பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32ஐ ராணுவத்தை எதிர்த்த மூவ் ஃபார்வர்ட் கட்சி வென்றது. டாங்கிக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் அதற்குள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்திருந்தார்கள்.

சித்தப்பாவோடு சண்டை போடாதீர்கள். அந்த நாலு வருஷத்தில் யாருடைய ஓட்டு இல்லாமல் போகும் என்று நினைக்கிறார், தன்னுடையதா, வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுடையதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.