இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாமேன்னு நீங்க ஏங்குற, சீக்கிரமே இறந்துபோன ஒரு கலைஞர் யார்?

பாரதி, ராமானுஜன், பட்டுக்கோட்டையார்னு எப்படியும் நிறைய பேர் எழுதுவீங்க, எழுதணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. கேட்டவர் அனேகமா காலேஜ்ல பேச்சுப் போட்டிக்கோ கட்டுரைக்கோ ஆள் தேடுறாருன்னு நினைக்கிறேன். அப்படின்னா தம்பி, இந்தப் பதில் உனக்கு மார்க் வாங்கித் தராது, அடுத்த பதிலுக்குப் போயிடு. ஏன்னா நான் சொல்லப் போறவர் கோல்ஃப் மைதானம் டிசைன் பண்ணவர். பேரு மைக் ஸ்ட்ரான்ட்ஸ். அமெரிக்கா, ஒஹையோ மாநிலத்துல டொலிடோங்கிற ஊர்ல 1955ல பிறந்து, 2005 ஜூன்ல நாக்குல வந்த கேன்சரால இறந்துட்டார். 50 வயசு.

கோல்ஃப்னு எழுதினதுமே "ஓஹோ, பணக்காரன் விளையாட்டா"ன்னு கமென்ட்ல வருவாங்க, தெரியும். சார், நான் செகண்ட் ஹேண்ட் கிளப் செட்டை வச்சுக்கிட்டு பப்ளிக் கோர்ஸ்ல, அதுவும் சாயங்காலம் ரேட்டு குறைஞ்சதுக்கு அப்புறம் ஆடுற ஆளு. தண்ணி வீணாகுதே, நிலம் போகுதேன்னு கேக்குறவங்க கேக்குறது நியாயம்தான், அதைத் தனிக் கேள்வியா போடுங்க, நானே வந்து உங்க பக்கம் பாதி பேசுறேன். ஒருத்தர் மண்ணை எப்படிப் பார்த்தாருங்கிறதுதான் இங்க விஷயம்.

இது எனக்கு ஏன் உறுத்துதுன்னா, என் பொழைப்பும் மண்ணுதான். சிவில் இன்ஜினியர், நார்த் கரோலினாவுல கேரிங்கிற ஊர்ல இருக்கேன், நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஊரு. ஒரு எடத்துல எவ்வளவு மண்ணை வெட்டணும், அதை எங்க கொட்டி மேடாக்கணும், மழைத்தண்ணி எந்தப் பக்கமா ஓடணும்னு கம்ப்யூட்டர்ல கோடு போட்டுக் குடுக்கிறதுதான் வேலை. உண்மையைச் சொன்னா நான் கோடு போட்ட பாதி எடத்தை நேர்ல பார்த்ததே இல்ல. சர்வே ஃபைல் வரும், போன வருஷ டெம்ப்ளேட்டைத் திறந்து அதுல ஒட்டி அனுப்பிடணும், நேர்ல ஒருதடவை போய்ப் பாத்துட்டு வரேனேன்னா "பட்ஜெட்ல அவர்ஸ் இல்ல"ன்னு பதில் வரும். தொழிலே அப்படித்தான் ஓடுது, நான் யாரையும் குத்தம் சொல்லல.

ஸ்ட்ரான்ட்ஸ் இதுக்கு நேர் எதிர். ஒரு நேரத்துல ஒரே ஒரு ப்ராஜெக்ட்தான் எடுப்பார். அந்த எடத்துலயே கிடப்பார், குதிரையில ஏறி நிலம் முழுக்கச் சுத்துவார் (ஆளும் நீள முடி, பெரிய மீசைன்னு பாக்க அப்படியே கௌபாய்தான்). ஒவ்வொரு ஹோலும் (பந்தை அடிக்க ஆரம்பிக்கிற எடத்துலருந்து அது விழ வேண்டிய குழி வரைக்கும் உள்ள பகுதி) ஆடுறவன் நிக்கிற எடத்துலருந்து எப்படித் தெரியணும்னு கையால படமா வரைவார், புல்டோசர் ஓட்டுறவங்களுக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி. கோல்ஃப் டிசைன் பண்றவங்கள்ல ரொம்பப் பெரிய பேரு டொனால்ட் ராஸ், எங்க ஊருக்குப் பக்கத்துல பைன்ஹர்ஸ்ட்லயே வாழ்ந்தவர், 400 மைதானம் கிட்ட அவர் பேர்ல இருக்கு, அதுல நிறைய மைதானத்தை அவர் நேர்ல சரியா பார்த்ததுகூட இல்ல. ராஸைக் குறை சொல்லல, அவர் போட்ட பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 கும்பிட வேண்டிய மைதானம். ஆனா ஸ்ட்ரான்ட்ஸ் வெறும் நிலத்துலருந்து புதுசா போட்டது மொத்தமே ஏழு. அந்த ஏழையும் அங்குலம் அங்குலமா தெரிஞ்சு வச்சிருந்த மனுஷன்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையும் நல்லா இருக்கும். டொலிடோவுல இன்வர்னஸ்னு ஒரு பழைய கிளப், 1979 யு.எஸ். ஓப்பன்ங்கிற பெரிய கோல்ஃப் போட்டி அங்கதான் நடந்துச்சு. அதுக்காக டாம் ஃபேசியோங்கிற டிசைனரோட குரூப் சில ஹோல்களைப் புதுசா போட்டாங்க. அப்ப மைதானத்துல கூலி வேலை பாத்துக்கிட்டிருந்த பையன் ஸ்ட்ரான்ட்ஸ், ஃபேசியோ கண்ணுல பட்டு அவர்கூடவே வேலைக்குப் போயிட்டார். அதே போட்டியில ஒரு கூத்து. லான் ஹிங்க்கிள்னு ஒரு ஆட்டக்காரர் முதல் நாள் 8வது ஹோல்ல ஒரு குறுக்குச் சந்து இருக்கிறதைக் கண்டுபிடிச்சு, பக்கத்து 17வது ஹோல் வழியா பந்தை அடிச்சுக் குறுக்கால போயிட்டார். மறுநாள் காலையில பாத்தா அந்தச் சந்துல ஒரு முழு மரம் நிக்குது, நடத்துறவங்க ராத்திரியோட ராத்திரியா நட்டுட்டாங்க! ஸ்ட்ரான்ட்ஸ் பின்னாடி தானே போட்ட மைதானங்கள்ல "நேரா போறியா, துணிஞ்சு குறுக்கால போறியா, நீயே முடிவு பண்ணு"ன்னு விட்டுட்டார். இதுக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நானா நினைச்சுச் சிரிச்சுக்கிறது.

அப்புறம் தனியா வந்து மேவரிக்னு கம்பெனி வச்சார். கூட்டாளி ஃபாரஸ்ட் ஃபெஸ்லர், 1974 யு.எஸ். ஓப்பன்ல ரெண்டாவது வந்தவர். ஷார்ட்ஸ் போட்டு ஆடக் கூடாதுன்னு இருந்த 1983 யு.எஸ். ஓப்பன்ல கடைசி ஹோலுக்கு முன்னாடி டாய்லெட்டுக்குள்ள போய் பேன்ட்டை மாத்திட்டு, ஷார்ட்ஸோட வந்து ஆடி முடிச்ச ஆளும் இவர்தான். எப்பேர்ப்பட்ட ஜோடின்னு பாத்துக்கோங்க.

இப்ப என் கதைக்கு வரேன். எங்க வீட்டுலருந்து கொஞ்ச தூரத்துல சான்ஃபோர்டுங்கிற ஊர்ல டொபாக்கோ ரோடுன்னு ஒரு மைதானம், 1998ல ஸ்ட்ரான்ட்ஸ் போட்டது. புகையிலை விளைஞ்ச பூமி, அப்புறம் மணல் வெட்டுன குவாரி. வெட்டிப் போட்ட பள்ளமும் குவிச்சு வச்ச மேடுமா கிடந்ததை வேற யாரா இருந்தாலும் முதல்ல நிரவித்தான் விட்டிருப்பாங்க, நானும்தான். இவர் அதையே மைதானமா ஆக்கிட்டார்.

ஒருதடவை ஊர்லருந்து மாமனார் வந்திருந்தப்ப அவரையும் அங்க கூட்டிட்டுப் போனேன். திருச்சிக்காரர், பி.டபிள்யூ.டி.ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர், சர்வீஸ்ல பாதிக்கு மேல காவிரி, கொள்ளிடம்னு வாய்க்கால் மதகோடயே போச்சு. 2018ல முக்கொம்புல பழைய கொள்ளிடம் மதகு அடிச்சுட்டுப் போனப்ப அந்த வாரம் பூரா வீட்ல யார்கூடவும் சரியா பேசாத மனுஷன். கோல்ஃப்னா என்னன்னே தெரியாது. "நீங்க ஆடுங்க மாப்ள, நான் வண்டியில உக்காந்து காத்து வாங்குறேன்"னுதான் வந்தார்.

முதல் ஹோல்லயே எதிர்ல ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய மண்மேடு, நடுவுல ஒரு இடைவெளி, அதுக்குள்ள பந்து போகணும். கூட வந்த ஃபிரெண்டு அதைப் பாத்தே பயந்து பந்தைக் காட்டுக்குள்ள அடிச்சார். மாமா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "மாப்ள, இது மணல் குவாரியா இருந்த எடம்தானே, வெட்டுன முகம் அப்படியே தெரியுதே"ன்னார். நான் அதுவரைக்கும் அவர்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கப்புறம் மனுஷன் வண்டியில உக்காரவே இல்ல. முட்டி வலியோட எறங்கி எறங்கி, எந்தச் சரிவுல தண்ணி எறங்குது, எந்தப் பள்ளத்துல வந்து சேருது, வெட்டுன மண்ணு எங்க போயிருக்கும்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வரார், பின்னாடி வந்த குரூப் எங்களைத் திட்டாத குறை.

13வது ஹோல்ல கிரீன் (குழி இருக்கிற புல்தரை) கண்ணுக்கே தெரியாது, முன்னாடி மணல்மேடு மறைச்சிடும், நம்பிக்கையில மேல தூக்கி அடிக்கணும். அடிச்சுட்டு வண்டியைச் சுத்தி ஓட்டிட்டுப் போய்ப் பாத்தா எடம் இருக்கு, நாம பயந்த அளவுக்கு ஒண்ணுமே இல்ல. மாமா அந்த மேட்டுமேல நின்னு முன்னாடியும் பின்னாடியும் பாத்துட்டு, "முன்னால மறைச்சுப் பயம் காட்டிட்டு, பின்னால தாராளமா எடம் விட்டிருக்கான்யா, கெட்டிக்காரன்"ன்னார். ஸ்ட்ரான்ட்ஸைப் பத்தி எவ்வளவோ படிச்சிருக்கேன், இதைவிடச் சரியா யாரும் சொன்னதா எனக்குத் தெரியல. அகஸ்டா மைதானத்தைப் போட்ட அலிஸ்டர் மெக்கன்சியும் இதே கட்சிதான், அவர் டாக்டரா தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் யுத்தத்துக்குப் போனப்ப எதிரிங்க பதுங்குற விதத்தைக் கவனிச்சவர், பாக்க பயங்கரமா இருக்கணும், ஆடுனா வழி இருக்கணும்னு நினைச்சவர். ஸ்ட்ரான்ட்ஸ் அதோட வால்யூமைக் கூட்டி வச்சுட்டார், அவ்வளவுதான்.

இதைத்தான் சில பேரு "கிமிக்கு", "பெரிய சைஸ் மினி கோல்ஃப்"ன்னு எழுதுறாங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க, அது உங்க உரிமை, கண்ணுக்குத் தெரியாத எடத்துக்கு அடிக்கிறது எல்லாருக்கும் ஒத்து வராதுதான். ஆனா ஒரே ஒரு தடவை ஆடி, ஸ்கோர் கெட்டுப்போன கடுப்புல எழுதாதீங்க. ரெண்டாவது தடவை போறப்பதான் மேட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மண்ணுன்னதும் ஞாபகம் வருது, சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்லிடுறேன். எங்க குடியிருப்புல ஹெச்.ஓ.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு, வீட்டுக்காரங்க சங்கம். பின்னாடி தோட்டத்துல நாலு கம்பு நட்டு புடலங்காய்க்குப் பந்தல் போட்டேன், அனுமதி இல்லாத கட்டுமானம்னு நோட்டீஸ் வந்துச்சு. கட்டுமானமாம்! நான் தினமும் ஏக்கர் கணக்குல மண்ணை நகர்த்துற பிளானுக்குக் கையெழுத்துப் போடுறவன், எனக்கு என் வீட்டுப் பின்னாடி ஒரு புடலங்காய் தொங்க விட உரிமை இல்ல. எல்லா வீட்டுப் புல்லும் ஒரே உயரம், எல்லா மரமும் ஒரே ஜாதி, எங்க நின்னாலும் ஒரே மாதிரி. இவங்க கையில டொபாக்கோ ரோட்டைக் குடுத்திருந்தா முதல் ஹோல் மேடு ரெண்டையும் சமன் பண்ணிட்டு நோட்டீஸ் அனுப்பியிருப்பாங்க. சரி, விடுங்க.

அவரோட முதல் மைதானம் கேலடோனியா, 1994, சவுத் கரோலினாவுல பாலீஸ் ஐலண்ட் பக்கம். அது பழைய நெல் பண்ணை. ஆமா, நெல்லுதான். ஆப்பிரிக்காவுலருந்து அடிமையா கொண்டு வந்தவங்களை வச்சு சதுப்பு நிலத்துல கரை கட்டி, மதகு வச்சு நெல் போட்ட பூமி. 18வது கிரீன்ல நின்னு பாத்தா பழைய வயக்காடு இன்னும் தண்ணி தேங்கி நிக்கும். அழகா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல, அந்தக் கரையை வெட்டுனவங்க பேர் எந்த போர்டுலயும் இல்ல. மைதானம் என்னமோ டொபாக்கோ ரோட்டுக்கு நேர் எதிர், அமைதியா, ஓக் மரத்தடியில போற மாதிரி இருக்கும். கிமிக்குன்னு சொல்றவங்க இங்க போய் ஆடிட்டு வந்து பேசட்டும். அவர் போட்ட புல்ஸ் பே மைதானம் இன்னொரு ரகம், தட்டையா கிடந்த நிலத்துல மண்ணைத் தோண்டிக் குவிச்சு ஒரு குன்றையே எழுப்பி, அதுமேல கிளப் ஹவுஸை வச்சார். வர்ஜீனியாவுல அவர் போட்ட ராயல் நியூ கென்ட் நடுவுல மூடிக் கிடந்து, அப்புறம் திறந்தாங்க. ஏழுல ஒண்ணு போயிடுமோன்னு நான் பயந்தது உண்மை.

கடைசி வேலை கலிஃபோர்னியாவுல, மான்டெரி பெனின்சுலா கன்ட்ரி கிளப்ல ஷோர் கோர்ஸ். இருந்த பழைய மைதானத்தைக் கிட்டத்தட்டக் கலைச்சுட்டு, பாறைக்கும் சைப்ரஸ் மரத்துக்கும் நடுவுல புதுசா போட்டார். அந்த வேலை நடக்கும்போதுதான் கேன்சர்னு தெரிஞ்சது. ஆபரேஷன்ல நாக்கு போச்சு, பேச்சு போச்சு, ஆனா வரையிற கை இருந்துச்சு, வேலையை முடிச்சார். 2004ல மைதானம் திறந்தாங்க, அடுத்த வருஷம் ஆள் இல்ல. 2010லருந்து பல வருஷம் பெப்பிள் பீச் ப்ரோ-ஆம் போட்டி (தொழில்முறை ஆட்டக்காரங்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடுறது) அங்கயும் நடந்துச்சு, உலகத்துல பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் அதுல ஆடுனதை அவர் பாக்கல.

இதுல என்னை இன்னும் தொந்தரவு பண்றது ஒண்ணு இருக்கு. அதே கிளப்ல டூன்ஸ் கோர்ஸ்னு இன்னொரு மைதானம். அதை டிசைன் பண்ணது சேத் ரெய்னர். அவர் சர்வேயர், சிவில் இன்ஜினியர், அதாவது நம்ம ஜாதி (தொழில்ல சொல்றேன், உடனே வந்துடாதீங்க). கோல்ஃப் ஆடத் தெரியாமலே ஒரு மைதானத்துக்கு நிலம் அளக்கப் போய், கடைசியில பெரிய டிசைனரா ஆனவர். டூன்ஸ் வேலை முடியறதுக்கு முன்னாடியே 1926ல, 51 வயசுல இறந்துட்டார். ஒரே கிளப், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மைதானம், ரெண்டு பேருக்கும் அம்பத்தொண்ணைத் தாண்டி வாழக் குடுத்து வைக்கல. அது மெம்பர்ஸ் மட்டும் ஆடுற கிளப், என்னை மாதிரி ஆளுக்கு உள்ள போக வழி இல்ல, யாராவது மெம்பர் இதைப் படிச்சா இன்பாக்ஸ் திறந்தே இருக்கு.

"ஏழு மைதானம் போட்டவரை எல்லாம் மேதைன்னு சொல்றதா"ன்னு கேக்குறவங்களுக்கு, எண்ணிக்கையில தேடுறதா இருந்தா ராஸைப் பிடிச்சுக்கோங்க, 400 இருக்கு.

கேரி, ராலே பக்கம் இருக்கிறவங்க யாராவது டொபாக்கோ ரோடு போறதா இருந்தா ஒரு விஷயம். அங்க டீ (ஹோலை ஆட ஆரம்பிக்கிற எடம்) பேரெல்லாம் உழவு சாமான் பேருதான். கெத்துக்காக ரொம்பப் பின்னாடி இருக்கிற கடைசி டீக்குப் போகாதீங்க, ப்ளோ டீ போதும், மாமா காலத்து ஆளுங்கன்னா கல்டிவேட்டர். பழைய பந்தா ஒரு டஜன் எடுத்துக்கோங்க, புதுப் பந்து வேண்டாம். மணலுக்குள்ள போன பந்தைத் தேடிக்கிட்டு நிக்காம அடுத்ததை எடுத்து வைங்க, பின்னாடி ஆளுங்க வெய்ட் பண்ணுவாங்க.