கொடித்தோடை பூக்கிறது, காய்க்கவில்லை

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு ஒரேயொரு மஞ்சள் கொடித்தோடை (பாஷன் புரூட்) வளர்க்கிறேன். பந்தல் நிறையப் பூக்கிறது. ஆனால் பூக்கள் காயாகாமல் மறுநாளே உதிர்ந்துவிடுகின்றன. யூரியாவைக் கூட்டிப் போடலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம். யூரியாவைக் கூட்டினால் இலையும் தண்டும்தான் தழைக்கும். நன்றாகப் பூக்கும் கொடிக்குப் பசளைக் குறை இருக்க வாய்ப்பில்லை. கொடி ஒன்றாக இருப்பதுதான் குறை. மஞ்சள் இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு வீட்டில் விதையிலிருந்து முளைத்த கன்றொன்றை வாங்கி அதே பந்தலில் ஏற்றுங்கள். தங்கள் கொடியிலேயே வெட்டிய தண்டை நட்டால் பயனில்லை. அது தாய்க்கொடியின் மறுபதிப்பே. ஊதா இனம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால், இடம் குறைந்தவர்களுக்கும் இன்னும் உயரமான குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்களுக்கும் நான் அதையே சொல்வேன்.

இரண்டாவது கொடி வந்த பிறகும் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க ஓர் ஆள் வேண்டும். இந்தப் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது; காற்று அதைத் தூக்காது. மஞ்சள் இனத்தின் பூ நண்பகலளவில் விரியும். விரிந்தவுடன் பார்த்தால் ஐந்து மகரந்தக்கூடுகளுக்கு மேலே, மகரந்தத்தை ஏற்கும் குறியை நுனியில் தாங்கிய மூன்று தம்பங்களும் நிமிர்ந்து நிற்கும். சிறிது நேரத்தில் அவை வளைந்து கீழிறங்கி, தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் முதுகு உரசும் உயரத்துக்கு வந்துவிடும். சிறிய தேனீயின் முதுகு அவ்வளவு உயரம் எட்டாது. பல நேரம் அது மகரந்தத்தை வாரிக்கொண்டு போவதோடு சரி.

கருவண்டு வராத நாட்களில், தம்பங்கள் வளைந்த பிறகு, ஒரு கொடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்றக் கொடியின் குறிகளில் தடவுங்கள். வளையாமல் நிமிர்ந்தே நிற்கும் பூக்கள் காய்ப்பதில்லை, அவற்றை விட்டுவிடுங்கள். ஈரம் பட்டால் இந்த மகரந்தம் வெடித்துக் கெட்டுப்போகும். ஆகவே, தடவிய பின் இரண்டு மணி நேரமாவது மழை விழாதிருக்க வேண்டும். பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில் காய் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் கூரை மரத்தைக் கருவண்டுகள் துளைக்கின்றன. மருந்தடிக்கலாமா?
– வாசகர், ஹற்றன்

பதில்: மேலே சொன்ன அதே வண்டுதான். அது மரத்தைத் தின்பதில்லை, முட்டையிடுவதற்காகவே துளைக்கிறது. ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையால் பிடித்து நசுக்கினாலன்றி எளிதில் கொட்டாது. மருந்தடித்தால் அக்கம்பக்கத்துப் பந்தல்களிலும் காய் குறையும். வர்ணம் பூசிய மரத்தை அது பெரும்பாலும் நாடாது என்பதால் கூரை மரத்துக்கு வர்ணம் பூசுங்கள்; பந்தலருகே மழை நனைக்காத இடத்தில் காய்ந்த மென்மரக் கட்டைகள் இரண்டையோ மூங்கில் துண்டுகளையோ கட்டிவையுங்கள்.